ஆறு குழாய் ரத்தம்

கம்பவுண்டர் சிங்கராயர் ஒரு வாக்குக் கொடுத்தால் அது நடந்துவிடும் என்று நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்களில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சுதான் அவரைக் கெடுத்தது.

தொண்ணூற்று நான்காம் வருடம், மார்ச் மாதம். சென்னையிலிருந்து டாக்டர் பங்கஜவல்லி ஜீப்பில் வந்து இறங்கினார். காப்பிச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் ரத்தத்தை எடுத்து, அதில் நோய் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி.

"இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி மனுஷ உடம்பும் உள்ளே துருப்பிடிக்கும் சிங்கராயர். அந்தத் துருவை ரத்தத்துல அளந்துடலாம்" என்று அவர் சொன்னபோது சிங்கராயருக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்தாறு வருடமாக எஸ்டேட் மருந்தறையில் தலைவலி மாத்திரையும் சிரங்குக் களிம்பும் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். அவரிடம் யார் இதையெல்லாம் பேசினார்கள்?

மருந்தடிக்கிறவர்கள் வரிசையில் வந்து கையை நீட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தையே தொடாத ஆட்களின் ரத்தமும் வேண்டும். மிளகு பறிக்கிற ஆறு பேரின் பெயரைக் குறித்துக்கொண்ட டாக்டருக்கு அதற்குள் பொழுதாகிவிட்டது. எடுத்த ரத்தம் கெடுவதற்குள் சேலத்துக்குப் போயாக வேண்டும்.

"நாளைக்குக் காலையில இந்த ஆறு பேருக்கும் நீங்களே எடுத்து, ஐஸ் பிளாஸ்க்குல வச்சு முதல் பஸ்ல அனுப்பிடுறீங்களா?"

"அதெல்லாம் ஆயிருமுங்கம்மா. சிங்கராயன் சொன்னா சொன்னதுங்க."

மறுநாள் காலையில் ஆறு பேரும் கம்பி நீட்டிவிட்டார்கள். ஒற்றை மூங்கிலைச் சாய்த்து, மிளகுக்கொடி படர்ந்த நாற்பது அடி சில்வர் ஓக் மரத்தில் ஏறுகிற சூரர்கள்! விரல் நீள ஊசிக்குப் பயந்து காப்பிச் செடிகளுக்குள் புகுந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் கருப்பண்ணன். மேட்டில் நின்றுகொண்டு கத்தினான்.

"ஏனுங்க கம்பவுண்டரே, எங்க ரத்தத்தக் கொண்டுபோயி வித்துப்போடுவாங்களாமா! ஊட்டுல கண்ணாயி புள்ளத்தாச்சிங்க. நான் வரமாட்டனுங்க!"

கீழே தூரத்தில் முதல் பஸ் வருகிற ஹாரன் கேட்டது. சிங்கராயர் மருந்தறைக் கதவைச் சாத்தினார். தானும் பூச்சிமருந்தைத் தொட்டவனில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நோயென்று ஒருநாள்கூடப் படுத்ததில்லை. நல்ல ரத்தம் யாருடையதாக இருந்தால் என்ன? ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, இடது கையில் கட்டினார். ஆறு குழாய்களையும் தன் நரம்பிலிருந்தே நிரப்பினார். அவற்றின்மேல் ஆறு பேரின் பெயரையும் மணிமணியாக எழுதி ஒட்டி, பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இதை அவர் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் இரண்டு வாய் சோறு இறங்கியதுமே வயிறு நிறைந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். இடது விலாவுக்குக் கீழே கல்லை வைத்ததுபோல ஒரு கனம். வாயு என்று தனக்குத்தானே மருந்து கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாகிவிட்டது. மனைவி தெரசம்மாளுக்கு அதில் பெருமை. "தவக்காலத்துக்கு நாப்பது நாளும் ஒருவேளச் சோத்தோட ஒருசந்தி இருக்காருங்க. பாருங்க, எப்புடி எளச்சுட்டாரு" என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

நாலாம் நாள் ஜீப் வந்தது. டாக்டர் மருந்தறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சிங்கராயர், மருந்தடிக்கிறவங்களுக்குக்கூட இப்படி இல்லை. மருந்து தொடாத உங்க ஆறு பேருக்கும் வெள்ளை அணு ஒண்ணேகால் லட்சம் இருக்கு. பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது. உடம்புல துருன்னு சொன்னேனே, அது ரெண்டு மடங்கு. மெஷின் கோளாறுன்னு மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன். ரத்தப் புற்றுநோய்தான். ஆறு பேருக்கும்."

"ஐயோ ஆண்டவரே!" சிங்கராயர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "நொம்ப நல்ல பசங்களாச்சுங்களேம்மா. கருப்பண்ணன் சம்சாரம் வேற மாசமா இருக்குது. பாவம், அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

உண்மையாகவே கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அரை நிமிஷம் போல அந்த ஆறு பேருக்காகவும் மனமார வருத்தப்பட்டார்.

"குழாய் மாறிப்போச்சோன்னுகூட நினைச்சேன்" என்றார் டாக்டர். "ஆனா எடுத்தது நீங்களாச்சே. உங்க கையில தப்பு வராது."

அப்போதுதான் சிங்கராயருக்கு உறைத்தது. இடது கை முட்டியின் உள்பக்கம், ஊசி குத்திய இடம் இன்னும் பச்சையாகக் கன்றிப்போய் இருந்தது. சட்டைக் கையை மெதுவாக இழுத்து அதை மூடிக்கொண்டார். காது இரண்டும் அடைத்துப்போயின. டாக்டரின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

டாக்டர் சொல்லி, எஸ்டேட் மேஸ்திரி போய் ஆறு பேரையும் கூட்டி வந்துவிட்டார். கூடவே தொழிலாளர் லைன் வீட்டுச் சனமெல்லாம் வந்து மருந்தறை வாசலில் கூடிவிட்டது. டாக்டர் வெளியே போய், விஷயத்தை முடிந்தவரை பக்குவமாகத்தான் சொன்னார். இன்றைக்கே ஆறு பேரும் சேலத்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளேயிருந்து மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும், ஊற்றில் மருந்து கலந்திருக்கலாம், அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. கண்ணாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எம் புள்ள மொகத்தப் பாக்கறதுக்குள்ள போயிருவாருங்களா?" என்று கேட்டாள்.

சிங்கராயர் உள்ளே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் போதும். சேலத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள், ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்துவிடும். இருபத்தாறு வருடத்துப் பெயர் நிற்கும். ஆனால் அதுவரைக்கும் இந்தப் பெண் எப்படி மூச்சு விடுவாள்? இது தன்னுடைய பயம். அதைப் பாவம், அவள் ஏன் சுமக்க வேண்டும்?

அவர் வாசலுக்கு வந்தார். சட்டைக் கையைச் சுருட்டினார்.

"அம்மா, அந்த ஆறும் நான்தானுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை.

"இவிங்க யாரும் குடுக்கலீங்க. ஓடிப்போயிட்டாங்க. வாக்குக் குடுத்துப்போட்டனேன்னு ஆறு குழாயும் என் கையிலிருந்தே புடிச்சுட்டனுங்க. கண்ணாயி, எந்திரிச்சுக்க கண்ணு. உம் புருஷனுக்கு ஒண்ணுமில்ல."

டாக்டர் அவரை வாசல் பெஞ்சில் படுக்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். கல் போன்ற வீக்கம் தட்டுப்பட்ட இடத்தில் அந்தக் கை நின்றுவிட்டது. ஆராய்ச்சியைக் கெடுத்ததற்குத் திட்டுவார் என்று சிங்கராயர் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"எத்தனை நாளா இது?"

"வாயுன்னு நெனச்சனுங்க." தெரசம்மாளிடம் போய் என்ன சொல்வது? ஒருசந்தியால் இளைக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், சிறு பிள்ளைபோல அழுதார்.

கருப்பண்ணன் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து மண்டிபோட்டான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையை டாக்டரிடம் நீட்டினான்.

"எடுத்துக்குங்கம்மா. எவ்வளவு வேணுமோ எடுத்து அவுருக்குப் போடுங்க."

இந்த நோய்க்கு ஊரார் ரத்தம் மருந்தாகாது என்பது டாக்டருக்குத் தெரியும். பெஞ்சில் கிடந்த கம்பவுண்டருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. மற்ற ஐந்து பேரும் கருப்பண்ணன் பின்னால் வரிசையாக வந்து நின்றார்கள்.