பப்பாளி ஊசி

சோரியாங்குப்பத்துக் கரும்பு விவசாயி கண்ணையனுக்கு இடுப்பில் ஜவ்வு பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் குனிந்தே நடப்பதைப் பார்த்து, எதைத் தொலைத்தார் என்று ஊரே விசாரித்தது. ஆபரேஷன் என்றார்கள். கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே வலி மறந்துபோகிற வீரர் அவர்.

எண்பத்து நாலில், புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் இளங்கோவன் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த மருந்தை ஊசியால் உள்ளே செலுத்தினால், பிதுங்கியது கரைந்து சுருங்குமாம். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. கண்ணையன் மனைவி அமுதத்தை இழுத்துக்கொண்டு பாகூரில் பஸ் ஏறிவிட்டார்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். "பப்பாளி சாப்பிட்டா உங்களுக்கு ஏதாவது பண்ணுமா?"

கண்ணையன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். மறுவீடு போன அன்று, விருந்து வரும்வரை பொறுக்காமல், மாமியார் வீட்டுக் கொல்லையில் ஒரு பழத்தைத் திருடித் தின்றவர் அவர். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, கிணற்றடியில் அரைமணி நேரம் கிடந்தார். புது மாப்பிள்ளை பழம் திருடினான் என்றால் மானம் கப்பலேறிவிடும். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதன்பின் மாமியார் எத்தனை முறை அரிந்து வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவருக்கு இன்னா பண்ணும்?" அமுதம் முந்திக்கொண்டாள். "எங்கம்மா ஆசையா வச்சா, திமிருல தொடமாட்டாரு. ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதிக்குங்க சார்."

டாக்டர் எழுதினார். உண்மையைச் சொன்னால் கத்தி. உயிரைவிடக் கத்திதான் பெரிதாகத் தெரிந்தது அந்த மடையனுக்கு.

"ஒத்துக்காதவங்களுக்கு இந்த மருந்து போட்டா உயிரே போயிடும்," என்று சொல்லி டாக்டர் காகிதத்தை நீட்டினார். "கூட வந்தவங்க சாட்சிக் கையெழுத்து போடணும்."

அமுதம் சந்தோஷமாகக் குனிந்து எழுத்துக்கூட்டிப் போட ஆரம்பித்தாள். கண்ணையன் அந்தக் கையையே பார்த்தார். தான் செத்தால் செத்ததோடு போயிற்று. ஒன்றும் பண்ணாது என்று சொன்னவள், மீதி நாளெல்லாம் அதை நினைத்து நினைத்தே சாவாளே.

"வேணாம் அமுதம்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கிணற்றடிக் கதை முழுவதையும் சொல்லி முடித்தார்.

டாக்டர் ஆராய்ச்சிப் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டார். அமுதம் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"எங்கம்மா சாவறப்பகூட, மாப்ளைக்கு என்னை ஏண்டி புடிக்கலன்னு கேட்டுச்சிய்யா," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"கத்தியே வைங்க சார். மயக்க மருந்த மட்டும் கொஞ்சம் கம்மியா குடுங்க."