நாலாம் நாள் அளவு

இருபது வருஷமா வேதியியல் நடத்துறேன். விடை தெரிஞ்ச கேள்வியை மட்டுமே கேட்டுப் பழகின வாய் என்னோடது. பிள்ளைங்க சொந்தமா ஆராய்ச்சி செஞ்சு படிக்கணும்னு உத்தரவு வந்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அப்புறம் பாடத்தை யாரு முடிப்பா, உத்தரவு போட்டவங்களா?

பதினோராம் வகுப்புல ஒருத்தி. பியூரெட் குழாயைத் திறந்தா ஒவ்வொரு சொட்டா எண்ணுவா. அதனால அவ பேரே 'சொட்டு' ஆயிடுச்சு. எலுமிச்சைச் சாறுல நாள் ஆக ஆக வைட்டமின் சி எவ்வளவு குறையுதுன்னு அயோடின் விட்டுப் பாக்குறது அவ ஆராய்ச்சி. எவ்வளவு அயோடின் செலவாகுதோ அதுக்கேத்த வைட்டமின். அறிவியல் போட்டியில இது ஜெயிச்சா கல்லூரிப் படிப்பு இலவசம். தையல் வேலை செய்யுற அம்மாவால அவளைப் படிக்க வைக்க வேற வழியில்லை.

முதல் நாள் பதினெட்டு மில்லி அயோடின். அடுத்து பதினாறரை, அப்புறம் பதினஞ்சு. நாலாம் நாள் மூச்சிரைக்க ஓடி வந்தா.

"மிஸ், பதினேழரைக்கு ஏறிடுச்சு! மூணு தடவை செஞ்சேன், அதேதான் வருது. புதுசா சாறு எடுத்து முதல் நாள்லேர்ந்து மறுபடி பாக்கட்டுமா?"

"ஏறாதுடீ. உன் கை தப்பியிருக்கும். அடிச்சிட்டு பதிமூணரைன்னு போடு, கோடு நேரா வரும்."

"ஆனா மிஸ்..."

"யாரு டீச்சர், நீயா நானா?"

செய்முறைத் தேர்வுல காலங்காலமா நாங்க பண்ற வேலைதான். எனக்குக் கொஞ்சமும் கூசலை.

போட்டியில நடுவரம்மா வரைபடத்தைப் பார்த்ததும் முகம் சுளிச்சாங்க. "ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கே. நோட்டைக் குடு." அடிச்ச எண் அதுல பளிச்சுனு தெரிஞ்சுது. "அட, இது ஏன் ஏறுச்சுன்னு தேடியிருந்தா அதுதானேம்மா ஆராய்ச்சி! யாரு மாத்தச் சொன்னது?"

ரெண்டடி பின்னாடி நான் நின்னுட்டிருந்தேன். அவ திரும்பிக்கூடப் பார்க்கலை.

"நானாதான் மாத்தினேன் மேடம்."

நாள் முழுக்க மூடாத என் வாய் அப்போ திறக்கலை. வேலைக்கே உலை வெச்சிடுவாங்களோன்னு பயம், வேறென்ன? நடுவரம்மா பட்டியல்லேர்ந்து அவ பேரை எடுத்துட்டாங்க.

திரும்பும்போது பஸ்ல என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. அம்மா போன்ல கூப்பிட்டாங்க. "போச்சும்மா. என் தப்புதான்"னு சொல்லிட்டு, "உங்ககிட்ட பேசணுமாம் மிஸ்"னு போனை நீட்டினா.

"மன்னிச்சுடுங்க டீச்சர்"னு அந்தம்மா அழுதாங்க. "நீங்க இவ்வளவு பாடுபட்டீங்க, இவ உங்க பேரைக் கெடுத்துட்டாளே!"

"பரவாயில்லம்மா"ன்னேன். "இனிமேலாவது ஒழுங்கா இருக்கச் சொல்லுங்க."