முந்தின அட்டை

அந்தச் செவ்வாய்க்கிழமை சினேகாவுக்குப் பரீட்சை நாள் மாதிரி. ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் வருசம் படிக்கிறாள். நாற்பது நாளாக ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திப் பழகுகிறாள். அன்றைக்குப் பயிற்சி நிறுவனத்திலிருந்து மணிகண்டராஜ் சார் வந்து வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறார். அவர் பார்த்து மார்க் போட்டால்தான் ஆச்சு.

அவருக்குக் காட்ட அவளிடம் முத்துமாரி இருந்தாள். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமல் இருந்த பிள்ளை. "அதைக் கணக்குல சேக்காதீக" என்று தலைமையாசிரியரே கைகழுவி விட்டிருந்தார். சினேகாவுக்கு வீம்பு வந்துவிட்டது. முத்துமாரியைப் போலவே அவளும் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறிப் போகிற அம்மாவின் பிள்ளைதான். அவளையும் ஒரு காலத்தில் அப்படித்தான் கைகழுவினார்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "ஒங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டாள். தங்கத்தாய் என்றது பிள்ளை. அதுவே முதல் பாடம். அந்தப் பேரில் வரும் 'ங்'கை எழுத நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் நோட்டு முழுக்கத் தங்கத்தாய், தங்கத்தாய்.

ஒரு சாயங்காலம் தங்கத்தாயே வேனை விட்டு இறங்கிய கையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கை ரெண்டும் பட்டாசு மருந்துப் பொடியில் வெள்ளிப் பூச்சு பூசினது போல மினுங்கின. நோட்டில் கறை பட்டுவிடும் என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"எம் பேரு இம்புட்டு நீளமா டீச்சர்?" என்றாள். சிரித்துக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு முத்துமாரி கடைப்பலகை, பஸ் போர்டு, தீப்பெட்டி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சினேகா அவளுக்கு இரண்டு பழக்கம் ஏற்றியிருந்தாள். ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாக அட்டைகளில் எழுதிப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பாள். அட்டையில் ஒரு சொல் கிடைத்தால், அதற்கு முந்தின அட்டை யாரிடம் இருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சேர்க்க வேண்டும். அர்த்தம் தெரியாத சொல் வந்தால் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

அட்டைக்குத் தாள் காசு கொடுத்து வாங்குவதில்லை. சினேகாவின் அண்ணன் ராம்குமார் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறான். மெசினில் கலர் சரிபார்க்க ஓட்டிக் கழித்த தாள்களைக் கட்டாகக் கொண்டுவருவான். ஒரு பக்கம் முருகனோ லட்சுமியோ இருப்பார்கள், மறுபக்கம் வெள்ளை. பயிற்சி மாணவிகள் எல்லோரும் அந்தத் தாளை வைத்துத்தான் பிழைப்பை ஓட்டினார்கள். செவ்வாய் விடியும் நேரம் ராம்குமார் நைட் ஷிப்ட் முடிந்து வந்தான். "காலண்டர் வேஸ்ட்தான், எடுத்துக்கோ" என்று கட்டை வைத்துவிட்டுப் படுத்தான். வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, மொத்தமாக வெட்டி, அவசர அவசரமாகச் சொற்களை எழுதினாள் சினேகா. நடுவில் சில தாள்கள் மெலிதாக இருந்தது கைக்குத் தெரிந்தது. திருப்பிப் பார்க்க நேரமில்லை.

முந்தின நாள் மத்தியானம் ஒரு கம்பெனியில் வெடித்து எட்டுப் பேர் போய்விட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் எவர் என்பது அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும்போதுதான் ஊர்க்காவலன் போன் பண்ணினான். முத்துமாரியின் அப்பா.

"டீச்சர், எங்க வீட்டுல தங்கத்தாய் போயிட்டா" என்றான். "மதுரையில இருக்கேன். பாடியை மத்தியானம்தான் குடுப்பாங்களாம். அம்மாவுக்குக் கையில லேசாப் பட்டிருக்குன்னு பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கு. வீட்டுல இருந்தா, கூட்டத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிட்டேன். நான் வந்து, மடியில உக்கார வச்சு, என் வாயாலதான் சொல்லணும். அதுவரைக்கும் நீங்க பாத்துக்கிடுங்க."

"நான் பாத்துக்கிடுறேன்ணே" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் பள்ளிக்கூடச் சுவரிலேயே அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. படம் சேர்க்க நேரமில்லாமல் பெயரையும் வயதையும் மட்டும் பெரிதாகப் போட்டு அடித்தது. பசை கூடக் காயவில்லை. சினேகா நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். டீக்கடை அய்யாதுரை பார்த்துவிட்டு, "ஏம்மா, செத்தவுக பேரைக் கிழிக்கியே, நல்லாருக்கா?" என்று கேட்டார். விசயத்தைச் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த சுவரில் இருந்ததை அவரே கிழித்தார். பாவி மகள், ஊர்ச்சுவரை எல்லாம் சுத்தம் பண்ணினாளே ஒழிய, தோளில் தொங்குகிற பையை நினைக்கவில்லை.

முத்துமாரி தலை சீவி, பவுடர் போட்டு வந்திருந்தாள். பெரியம்மா அலங்கரித்து அனுப்பியிருக்கிறாள். மற்ற பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். தலைமையாசிரியர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புகழேந்தி தன்னுடைய புது ரப்பரை அவளுக்குக் கொடுத்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்குச் சும்மா என்றான்.

பத்தரைக்கு மணிகண்டராஜ் சார் வந்து உட்கார்ந்தார். அவர் விருதுநகரிலிருந்து நேரே வருகிறார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சினேகா அட்டைகளைக் கொடுத்தாள். 'மழை' ஒருத்தியிடம், 'பெய்தால்' ஒருத்தனிடம், 'கண்மாய்' முத்துமாரியிடம். அவள் 'கண்மாய்' என்று வாசித்துவிட்டு, இன்னும் வாசிக்கிற ஆசையில் அட்டையைத் திருப்பினாள்.

"தங்கத்தாய், வயது இருபத்தெட்டு" என்று தங்குதடை இல்லாமல் வாசித்தாள். "டீச்சர், எங்கம்மா பேரு. அச்சுல போட்டிருக்காக."

அண்ணன் கொண்டுவந்த கட்டில், ராத்திரி பிரஸ்ஸில் அடித்த அந்தச் சுவரொட்டியின் கழிவும் கலந்து வந்திருக்கிறது என்று அப்போதுதான் சினேகாவுக்கு உறைத்தது.

"முத்து, அந்தப் பக்கம் வேண்டாம்மா. இங்க குடு" என்று கையை நீட்டிக்கொண்டு நடந்தாள்.

"விடுங்கம்மா" என்றார் பின்னாலிருந்து மணிகண்டராஜ் சார். அவர் குரலில் சந்தோசம். "பிள்ளை தானா வாசிக்குது. வாசிக்க விடுங்க, தடுக்காதீங்க."

அங்கேதான் நின்றாள். பிடுங்கியிருக்கலாம். அவர் மடியில் இருந்த மார்க் தாளைப் பார்த்து ஒரு நொடி நின்றுவிட்டாள். பின்னால் எத்தனையோ நாள் அந்த ஒரு நொடியை நினைத்துத் தன்னைத் தானே காறித் துப்பிக்கொண்டாள்.

அதற்குள் முத்துமாரி எழுந்துவிட்டாள். "இதுக்கு முந்தின அட்டை யாருகிட்ட இருக்கு?" என்று, டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே ராகமாகக் கேட்டாள். பிள்ளைகள் அட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். ஒருவரும் கொடுக்கவில்லை. புகழேந்தி தன் அட்டையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். இழுத்து எடுத்து, தரையில் தன் அட்டைக்கு மேல் வைத்தாள். கத்தரி போன கோடு சரியாகப் பொருந்தியது.

"வெடி... விபத்தில்... உயிர்... நீத்த..." விரலை வைத்துக் கூட்டினாள். நிமிர்ந்தாள். "நீத்தன்னா என்ன டீச்சர்?"

சினேகா வாயைத் திறந்தாள். நான் வந்து என் வாயால சொல்லணும் என்றவனின் குரல் காதில் கிடந்தது. அழுகைதான் வந்தது. நாற்பது நாளில் அவள் பதில் சொல்லாத கேள்வி அது ஒன்றுதான்.

முத்துமாரி டீச்சரைப் பார்த்தாள். திரும்பி, தேம்பிக்கொண்டிருந்த புகழேந்தியைப் பார்த்தாள். கையில் இருந்த புது ரப்பரையும் பார்த்தாள். அப்புறம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு அட்டைகளையும் எடுத்து நோட்டுக்குள் வைத்து மூடிவிட்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். சினேகா பக்கத்தில் போய் அணைத்தாள். பிள்ளை அழவும் இல்லை, விலகவும் இல்லை. மணிகண்டராஜ் சார் விசயம் புரிந்து, பேனாவை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

ரெண்டரை மணிக்கு ஊர்க்காவலன் வந்தான். ஆம்புலன்ஸை ஊர் முனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறான். வாசலில் குழாயடியில் முகத்தைக் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, சிரிக்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "வா ஆத்தா" என்று தரையில் உட்கார்ந்து மடியைத் தட்டினான்.

முத்துமாரி போய் மடியில் உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து இரண்டு அட்டைகளையும் சேர்த்து அவன் கையில் வைத்தாள்.

"நீ சொல்ல வேண்டாம்ப்பா" என்றாள். "நானே வாசிச்சுட்டேன்."

ஊர்க்காவலனுக்கு எழுத்து தெரியாது. அட்டைகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு மகளிடமே நீட்டி, "அதுல அம்மா பேரு எங்கன இருக்கு தாயி, காட்டு" என்றான்.