யோன்ஜாவின் ஓட்டு

நிலநடுக்கத்தில் அந்தாக்யா நகரம் இடிந்து விழுந்து மூன்று மாதத்தில் தேர்தல் வந்தது. வீடு கட்டித்தர வக்கில்லாதவர்கள் ஓட்டுப்பெட்டியை மட்டும் மறக்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

நெஸ்ரின் கன்டெய்னர் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வந்தாள். அவளுடைய ஒரே மகள் யோன்ஜாவின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. அவர்கள் குடியிருந்த எட்டு மாடிக் கட்டடத்தின் இடிபாட்டில் பாதி அப்படியே கிடந்தது. "எங்க தோண்டணும்னு காட்டும்மா. இல்லன்னா நாளைக்கு லாரி வந்து எல்லாத்தையும் அள்ளிடும்" என்று இடிபாடு அள்ளும் மேஸ்திரி கறாராகச் சொல்லியிருந்தான். அவளால் எதைக் காட்ட முடியும்?

வரிசையில் அவளுடைய கட்சி ஏஜெண்ட் ஜெமில் சிரித்தான். "செத்தவங்களும் ஓட்டுப் போட வந்தா வரிசை கடல் வரைக்கும் போகும்க்கா."

"வாயைக் கழுவுடா" என்றாள்.

ஓட்டுச்சாவடித் தலைவரான ஹைரெத்தின் என்ற வாத்தியார் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுச் சீட்டும் உறையும் சீட்டில் குத்த முத்திரையும் கொடுத்தார். ஓட்டைப் போட்டுவிட்டுக் கையெழுத்திட வந்த நெஸ்ரின் பட்டியலைப் பார்த்துப் பேயறைந்தவள்போல நின்றாள். அவள் பெயருக்கு மேலே யோன்ஜாவின் பெயர். எதிரே நீல மையில் கையெழுத்து. 'ஓ' இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இலை. தன் பெயருக்கு அர்த்தமான அந்த இலையை இப்படி வரைவது அவள் ஒருத்திதான்.

"இது யார் சார் போட்டது?"

"முதல் ஆளா வந்துச்சும்மா அந்தப் பொண்ணு. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. கையெழுத்துப் போட்டுட்டு அட்டையை வாங்காமலே போயிடுச்சு." வாத்தியார் மேசையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். கைப்பையோடு புதைந்துபோன அட்டை அது. ஓரம் நசுங்கியிருந்தது.

ஜெமில் காதோரம் குனிந்தான். "இது கள்ள ஓட்டு அக்கா! மகள் இறந்துட்டான்னு ஒரு வரி எழுதிக் குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"எழுத மாட்டேன்."

"அப்ப உயிரோட இருக்காளா?"

"எனக்குத் தெரியாது. என் கையால மட்டும் அதை எழுத மாட்டேன்." அட்டைக்குச் சொந்தக்காரி திரும்பி வருவாள் என்று அவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் பெற்ற வயிறு வேறு என்ன செய்யும்?

ஐந்து மணிவரை யாரும் வரவில்லை. கதவைத் திறந்துவைத்து எண்ணத் தொடங்கினார்கள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். கையெழுத்துகளும் உறைகளும் ஒன்றுகூடக் குறையாமல் ஒத்துப்போயின. வாத்தியார் ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டி உரக்கப் படித்தார்.

ஒரு உறையைப் பிரித்தபோது வெள்ளைத் தூசி மேசையில் கொட்டியது. சீட்டில் முத்திரை இல்லை, நீல மையில் ஒரு வரி எழுதியிருந்தது. பழக்கதோஷத்தில் அதையும் உரக்கப் படித்தார்.

"அம்மா, மேல இல்ல. படிக்கட்டுக்கு அடியில இருக்கேன்."

ஜெமில் சுவரைப் பிடித்துக்கொண்டான். வாத்தியாருக்குச் சட்டம்தான் கைகொடுத்தது. "எழுத்து இருக்கு. செல்லாது" என்று முணுமுணுத்து அதைத் தனியே வைக்கப் போனார்.

நெஸ்ரின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

"அந்தக் கட்டடத்துல ரெண்டு படிக்கட்டு இருக்கு சார். எந்தப் பக்கம்னு போட்டிருக்காளா, நல்லாப் பாருங்க."