டியூப்லைட்டைப் பார்த்த கண்

...இல்லை, நான் கழற்றச் சொல்லவில்லை, அவனாகவே கழற்றினான், இந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால் போதும் என்று மேனேஜர் காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார், போதுமாம், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அதையே வெறித்துக்கொண்டிருக்கிறேன், உள்ளே தீக்காய வார்டில் என் தங்கை புருஷன், ஃபிட்டர், வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்தான், பெரிய உபகாரம்! ஆறு மாதமாக கம்பெனியின் இந்த பாய்லர் பர்னரோடு மாரடிக்கிறேன், டீசலை இன்னும் மெல்லிய தூறலாக்கு, காற்றைக் குறை, புகைபோக்கி வழியே வீணாகிற சூட்டை மிச்சம் பிடி... காற்றைக் குறைத்தால் சுடர் நடுங்கும், சுடரைப் பார்க்கிற கண், அந்தச் சின்ன சென்சார், நெருப்பு அணைந்ததென்று உடனே எண்ணெயை நிறுத்திவிடும், அதன் வேலையே அதுதானே, ஆனால் எங்கள் சோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி ஒன்று, ஓடும்போதே கண்ணைக் கழற்றிக் கூரையிலிருக்கும் டியூப்லைட் பக்கம் திருப்பிவிட்டால் அது பாட்டுக்கு நெருப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும், இன்று காலை, "மாப்ள, அதை லைட் பக்கம் திருப்பி வை, நின்னு நின்னு உயிரை வாங்குது" என்றது யார், நான், "சரி மச்சான், ரெண்டு நிமிஷம்தானே" என்று சிரித்தான், பாவி, ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா...

தங்கை ஓடி வருகிறாள், செருப்பில்லாமல், கேட்காதே, எதுவும் கேட்காதே. "அண்ணா, பக்கத்துலதானே இருந்தே?" இருந்தேன். சுடர் அணைந்தது, எண்ணெய் நிற்கவில்லை, சிவந்த செங்கல்மேல் பீய்ச்சிக்கொண்டே இருந்தது, ஆவி நிரம்பியது, அவன் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான், ஒரே வெடி, கதவு பிய்த்துக்கொண்டு அவன் முகத்தில்... நடுவில் எத்தனை விநாடி, நாலா, ஐந்தா? மீட்டரில் புகையின் ஆக்சிஜன் ஏறியதைப் பார்த்தேன், நெருப்பு போய்விட்டது என்று புரிந்தது, புரிந்ததுதான், ஆனால் திறன் காட்டும் நம்பர் இன்னும் இறங்காமல் தொண்ணூற்றிரண்டில் நின்றது, இதுவரை வராத நம்பர், விழுவதற்குள் குறித்துக்கொள்ளலாம் என்று... மேனேஜரின் காகிதத்தில் இதற்கு இடமே இல்லை, அவர் கேட்கவும் இல்லை. "நீ கத்தியிருப்பே" என்கிறாள் தங்கை, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது." கத்தினேனா? வாயைத் திறந்த ஞாபகமே இல்லை... தொண்ணூற்றிரண்டை எழுதி முடித்த ஞாபகம் இருக்கிறது, புள்ளிக்குப் பிறகு வந்த நாலையும் சேர்த்து.