மூடியில் ஒரு கருப்புக் கோடு

நகைப்பெட்டி செய்யும் அந்தக் குடும்பத்தில் மூடி யாருடையதோ, பெட்டியும் அவருடையது. பலகை அறுக்கிறவர், மூட்டுப் போடுகிறவர், மெருகு தேய்க்கிறவர் என்று எத்தனை கை பட்டாலும், வாங்க வருகிறவர் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு இது யார் வேலை என்றுதான் கேட்பார். கல்யாணமாகி வந்த மறு வருஷத்திலிருந்து அந்தக் கேள்விக்கு மூத்த மருமகள்தான் பதில். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கை அவளுக்கு.

அதில்தான் மண் விழுந்தது. இளைய மருமகள் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் பதித்திருந்த சிப்பிக் கொடியை நகைக்கடைக்காரர் பார்த்துவிட்டார். தன் மகளுக்குச் செய்யும் பெட்டியின் மூடிக்கு அந்தக் கைதான் சிப்பி அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனாரும் யோசிக்கவில்லை. சிப்பியைச் சின்னவள் அறுக்கட்டும், அது உட்காரும் பள்ளத்தைப் பெரியவள் வெட்டட்டும் என்று பங்கு போட்டுவிட்டார். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. நேற்று முளைத்த காளானுக்கு நான் குழி தோண்ட வேண்டுமா என்று புருஷனிடம் பொரிந்தாள். அவன் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டும் வேலைதானே என்றான். அவனைக் கட்டிக்கொண்டதற்கு அதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இளையவள் மாதுளைக் கிளை ஒன்றை அறுத்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து வைத்தாள். குறை சொல்ல ஒரு இலைகூட அகப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. துண்டுகளை மூடிமேல் வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கத்திமுனையால் கோடு இழுத்தாள் மூத்தவள். உளி எப்போதும் கோட்டுக்கு உள்ளே நிற்கவேண்டும். அன்றைக்கு அவள் கோட்டுக்கு வெளியே நிறுத்தினாள், ஒரே ஒரு முடி அகலத்துக்கு. இடைவெளி தெரிந்தால் பள்ளத்தை யார் குறை சொல்வார்கள்? சிப்பியை அதிகமாக அரம்போட்டுத் தேய்த்துவிட்டாள் என்று சின்னவள் தலையில்தான் விடியும்.

மூடியை வாங்கிக்கொண்ட இளையவள் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தாள். ஜன்னலோரம் போய்க் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். மாமனாரிடம் ஓடுவாள், அழுவாள் என்று மூத்தவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கருங்காலித் துண்டை அரம் தேய்க்கும் சத்தம்தான் கேட்டது. அந்தப் பொடியைப் பசையில் குழைத்து இளையவள் இடுக்கெல்லாம் நிரப்பினாள். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது, ஒவ்வொரு இலையையும் மையால் வரைந்த மாதிரி கருப்புக் கோடு ஒன்று சுற்றி நின்றது.

மாமனார் மூடியின்மேல் நகத்தை ஓட்டினார். எங்கும் தட்டவில்லை. இந்தக் கோடு யார் யோசனை என்று கேட்டார்.

"அக்கா யோசனைதான் மாமா" என்றாள் இளையவள்.

அவர் மூத்தவளைப் பார்த்துத் தலையாட்டினார். எதற்கும் தலையாட்டாத மனிதர். இனி எல்லா மூடியும் இப்படியே போகட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மூத்தவளுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"எதுக்குடி பொய் சொன்னே?" என்றாள்.

"பொய் இல்லையே. கை தவறியிருந்தா ஒரு பக்கம் அகலமாவும் ஒரு பக்கம் குறுகலாவும்தான் வந்திருக்கும். இது சுத்தி ஒரே அளவா இருக்கு. வேணும்னே வெட்டினதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு." இளையவள் துண்டுத் துணியால் மூடியைத் துடைத்தாள். "கோபம் வந்துச்சுக்கா, வராம இல்ல. ஆனா கெடுக்கணும்னு வெட்டினாலும் உங்களுக்கு இப்படி வருது. நான் ஆயுசுக்கும் வெட்டினாலும் வராது. எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கு தெரியுமா?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல்தானே மூத்தவள் உளியைக் கோடு தாண்டவிட்டாள். இப்போதாவது பதிலுக்குச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தவள், அடுத்த பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்படிச் சொல்லத் தெரிந்த சின்னவளின் வாய்மீதும் சேர்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது.