முதல் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. வேறு பெருமை இதற்கு இல்லை. வெளிநாட்டு மாணவர்களை வீட்டில் தங்கவைக்கும் குடும்பங்களுக்காக எங்கள் ஊரில் ஒரு சங்கம் உண்டு. அதன் முப்பதாம் ஆண்டு மலருக்கு 'மறக்க முடியாத இனிய நினைவு ஒன்றை எழுதித் தரவும்' என்று கேட்டிருந்தார்கள். நான் அப்படி வந்து தங்கிய ஒன்பது பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள். இனிய நினைவுகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. மறக்க முடியாதது ஒன்றுதான். அது இனியது இல்லை.

நாலு நாளாக எழுதுகிறேன். முதுகு விட்டுப்போகிறது.

2

'வட ஜப்பானின் மொரியோகாவில் பனி பெய்த ஒரு மாலையில்' – அடித்துவிட்டேன். பிப்ரவரியில் இங்கே எந்த மாலையில் பெய்யவில்லை?

'ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்த கேத்தோ எங்கள் மகளாகவே' – இதையும் அடித்தேன். அப்படி இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

[கேத்தோ அவள் உண்மைப் பெயரில்லை. முதல் வரைவில் அவளை இத்தாலிக்காரி ஆக்கி, என் கணவர் தெத்ஸுஜியைப் பள்ளி ஆசிரியர் ஆக்கியிருந்தேன். ஆசிரியர் பேசப் பேசக் கதை ஓடவில்லை. அவர் நகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு நாளைக்கு மொத்தம் இருபது வார்த்தை பேசினால் அதிகம்.]

3

பதினோரு வருடத்துக்கு முன் நடந்தது. கேத்தோவுக்கு வயது பதினேழு. ஒரு வருடப் படிப்புக்காக ஆகஸ்டில் வந்தாள். வந்த அன்றே என்னை அம்மா என்றும் அவரை அப்பா என்றும் கூப்பிடச் சொன்னோம். ஏழு மணிக்குக் குளியல் தொட்டியை நிரப்பி, "நீ முதல்ல போ" என்றேன்.*

(* மலர் வெளிநாட்டுக்கும் போகுமாம், அதனால் சொல்லிவைக்கிறேன். நாங்கள் உடம்பை வெளியே தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் தொட்டியில் இறங்குவோம். அந்த ஒரே வெந்நீரில் வீட்டார் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து எழுவோம். விருந்தாளி வந்தால் முதல் தண்ணீர் அவருக்குத்தான்.)

ஆறு மாதம் அப்படியே போனது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் கேத்தோ துண்டை மடியில் வைத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா போகட்டும்."

"எனக்கென்ன அவசரம்? நீ போம்மா, தண்ணி ஆறிடும்," என்றார் தெத்ஸுஜி, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

"எனக்கும் அவசரமில்ல."

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றேன்.

"சிஹாயா வீட்ல அவங்க அப்பாதான் முதல்ல. அப்புறம் அவ, அப்புறம் அம்மா. நான் போற அன்னிக்கு மட்டும் நான் முதல்ல. ஏன்டின்னு கேட்டேன். 'நீ விருந்தாளி, லூசு'ன்னு சிரிக்கிறா." சிஹாயா அவள் வகுப்புத் தோழி.

"சரியாத்தானே சொல்லியிருக்கா."

"அது சிஹாயா வீடு. இங்கே ஏம்மா?"

"வந்தவளுக்கு நாங்க செய்ற மரியாதை அது."

சொன்ன பிறகுதான் 'வந்தவள்' என்ற சொல் என் காதிலேயே விழுந்தது.

"அம்மான்னு கூப்பிடச் சொன்னது நீங்கதானே?" என்றாள்.

"சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க," என்றார் தெத்ஸுஜி. "அதுவரைக்கும் தொட்டியில மீன் வளர்க்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. அன்று யாரும் குளிக்கவும் இல்லை. மறுநாள் ஏழு மணிக்கு என் வாய் பழக்கத்தில் "நீ முதல்ல போ" என்றது. துண்டை எடுத்துக்கொண்டு போனாள். மார்ச்சில், விடுதிக்கு மாறிக்கொள்கிறேன் என்றாள்.

"உனக்கு எது வசதியோ அப்படிச் செய்," என்றேன்.

(எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம் 'போகாதே' என்பது. அவள் போய்விட்டாள்.)

5

நான்காம் பகுதி கிடையாது. அதில் என்னை நல்லவளாகக் காட்டியிருந்தேன். கிழித்துப்போட்டேன்.

மரியாதை என்றுதான் இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். பாதி உண்மை. ஒரு வாரம் தங்குபவளுக்கு மரியாதை சரி, ஆறு மாதமாக என்ன மரியாதை? மீதி இதுதான்: நாங்கள் இரண்டு பேர் இறங்கிய தண்ணீரில் முடி மிதக்கும், தோல் மிதக்கும். எங்கள் அழுக்கை அந்தப் பெண் பார்த்துவிடக் கூடாதென்று எனக்குக் கூச்சம். என் புருஷனுடைய அழுக்குத் தண்ணீரில் முப்பது வருடம் அருவருப்பில்லாமல் உட்கார்ந்தவள் நான். அவளை அதில் இறங்க விடவில்லை. அவள் கேட்டது அதைத்தான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

6

போன வாரம் கடிதம் வந்தது. வேலை விஷயமாக ஜப்பான் வருகிறாளாம். 'சனிக்கிழமை ஓர் இரவு உங்கள் வீட்டில் தங்கலாமா, அம்மா?'

சனிக்கிழமை இன்றுதான். படிவத்துக்கும் இன்றே கடைசி நாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதல் முடிவில் கேத்தோ முதலில் குளிக்கிறாள், எல்லாரும் சிரிக்கிறோம், படம் எடுக்கிறோம். மலர்க்காரர்களுக்குப் பிடிக்கும். இரண்டாவதில் கடைசியாகக் குளித்து, கேட்காமலே தொட்டியைத் தேய்த்துவைக்கிறாள். மூன்றாவதில் தேநீர் குடித்துவிட்டு ஹோட்டலுக்கே போய்விடு –

மூன்றிலும் அவளேதான் எல்லாம் செய்கிறாள். நான் வாயே திறக்கவில்லை. நான் அவளிடம் சொல்ல வேண்டியதைப் பதினோரு வருடத்தில் எழுதக்கூட வரவில்லை எனக்கு.

வாசலில் டாக்ஸி நிற்கும் சத்தம். "என்னங்க, வந்துட்டா!" என்று கூப்பிட்டேன். குளியலறையில் சளப்பென்று தண்ணீர் வழிகிறது. அந்த மனுஷன் யாரையும் கேட்காமல் முதல் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறேன், பேனா இன்னும் கையில். கேத்தோ நிற்கிறாள். முகம் சதைபோட்டிருக்கிறது. காலணியை இன்னும் கழற்றவில்லை.

"அப்பா எங்கேம்மா?"

"குளிக்கிறார்."

அவள் காதைத் தீட்டிக் கேட்கிறாள். தண்ணீர் சத்தம் அவளுக்கும் கேட்கிறது. பிறகு என் வாயையே பார்க்கிறாள்.

அடுத்தது யார் என்று நான்தான் சொல்ல வேண்டும். சிஹாயா வீட்டு வரிசை எனக்கும் தெரியும். 'அப்பா வந்ததும் நீ, அப்புறம் நான்.' அவ்வளவுதான். 'அப்பா வெளியே வரட்டும், உனக்குப் புதுத் தண்ணி பிடிச்சுத் தர்றேன்' என்பதும் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. பழக்கம்.

உங்களுக்கு ஒரு வரி விட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் எழுதிக்கொள்ளுங்கள், நான் சொல்லி முடிப்பதற்குள்.

"கேத்தோ,